மச்சினன் பிடிக்க வேண்டிய கயிறு

என் மகளுக்கு ஏதாவது அனுமதி வேண்டியிருந்தால் மட்டும் தமிழில் பேசுவாள். மற்ற நாட்களில் நாங்கள் தமிழில் கேட்பதற்குத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் வரும். எரிச்சலாக இருந்தால், எங்கள் ஊர் உருதுவில் வேண்டாம் என்று பொருள்படும் 'நக்கோ' என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே ஒரு புதன்கிழமை மாலை, செகந்தராபாத் சைனிக்புரியில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று அவள் தமிழில் ஆரம்பித்தபோதே நான் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நல்லமலைக் காட்டுக்குள், கிருஷ்ணாவின் தேக்கநீர்ப் பகுதியில் ஒரு குன்று இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றிவிட்டால் அது சாதாரணக் குன்று, சுற்றி நடந்தே போய்விடலாம். மழை முடிந்து அணை நிறைந்ததும் அது தீவாகிவிடும், படகில்தான் போகவேண்டும். அங்கே செஞ்சு பழங்குடி மக்களின் குடிசைகள் கொஞ்சம் உண்டு. சமூகவியலில் முதுகலை முடித்திருந்த என் மகளுக்கு ஒரு அமைப்பு வேலை கொடுத்திருந்தது. ஆறு மாதம் அந்தத் தீவிலேயே தங்கி, அங்குள்ள குழந்தைகளோடு உட்கார்ந்து, அவர்களுடைய பேச்சிலேயே படிக்கத் தோதாக ஒரு புத்தகம் தயார் செய்யவேண்டும். அந்த அமைப்பினரோடு பகலில் சிலமுறை போய்வந்திருக்கிறாள். இப்போது தங்கப்போகிறாள். வரும் திங்கட்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். நான் சரி என்று சொல்லவேண்டும்.

சட்டப்படி என் அனுமதி தேவையில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டாள். அதற்குக் காரணம், போன மழைக்காலத்தில் அவளுக்கு வந்த டெங்கு.

அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே திரை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிளேட்லெட் என்ற சொல்லை யாராவது சொன்னால் இப்போதும் பேச்சை மாற்றிவிடுவேன். அவள் தேறி வீட்டுக்கு வந்து, முன்னைவிடக் கொஞ்சம் சதைபோட்டு, வழக்கம்போல் 'நக்கோ' சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான்தான் அந்த நாற்காலியிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் தும்மினால் எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவள் அதைப் பொறுத்துக்கொள்வாள். அவள் அம்மா பொறுத்துக்கொள்ள மாட்டாள்.

"அவளை விட்டுட்டு உங்க நெத்தியைத் தொட்டுப் பாருங்க. அங்கதான் கொதிக்குது" என்பாள்.

என் தொழிலும் எனக்கு உதவவில்லை. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. எது எப்போது கசியும், எங்கே தீப்பிடிக்கும், யார் தலைக்கவசம் போடாமல் ஏணியில் ஏறுகிறார்கள் என்று யோசிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அப்படிப்பட்டவனிடம் போய், மருத்துவமனைக்குப் படகேறி, பிறகு காட்டுச் சாலையில் ஜீப்பேறிப் போகவேண்டிய ஒரு கொசுக்காட்டில் ஆறு மாதம் இருக்கிறேன் என்றால் என்ன சொல்வான்? முடியாது என்றேன்.

மனைவிதான் சமரசம் செய்தாள். "நாம எல்லாரும் ஒரு நாள் சும்மா போய்ட்டு வரலாம். பிக்னிக் மாதிரி. நல்லா சுத்திப் பார்த்துட்டு, அப்புறமா முடியாதுன்னு சொல்லுங்க."

மாடியில் குடியிருக்கும் அவள் தம்பியும் சேர்ந்துகொண்டான். வங்கி வேலை, கல்யாணமாகாதவன், ஐந்து பேர் தாராளமாக உட்காரும் கார் வைத்திருப்பவன். என்னை மாமா என்பான், நான் அவனை மச்சான் என்பேன். என்னைக் கேலி செய்வதை ஓய்வுநேரப் பொழுதுபோக்காக வைத்திருப்பவன் அவன். கார் அவனுடையது என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடியும் முன்பே கிளம்பினோம். ஸ்ரீசைலம் சாலையில் காட்டுச் சோதனைச்சாவடி திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, குரங்குகளைத் தாண்டி, ஒரு மண்பாதையில் திரும்பிக் கரைக்கு வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. தண்ணீர் அவ்வளவு அகலமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மோட்டார் படகு ஒன்று நின்றது. அதில் உயிர்காப்பு அங்கி இருக்காது என்று முன்கூட்டியே யூகித்து, எங்கள் நால்வருக்கும் ஆரஞ்சு நிறத்தில் வாங்கிவந்திருந்தேன். படகுக்காரர் தன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு அங்கியை எடுத்துப் போட்டார். என்னுடையதைவிடப் புதியவை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"மாமா, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கங்க" என்றான் மச்சான்.

தீவில் இறங்கியதும் மற்றவர்கள் கழற்றிவிட்டார்கள். நான் கழற்றவில்லை. திரும்பிப் போகும்போது மறுபடி போடவேண்டியதுதானே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அதைக் கழற்றினால் இந்த இடத்தை ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்று தோன்றியது.

கரையில் எங்களுக்காகக் காத்திருந்தவள் நாற்பதை நெருங்கும் ஒரு பெண். என் மகள் இதுவரை வந்த தடவைகளிலெல்லாம் அவள் வீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறாள். தங்கினால் அவள் குடிசைக்கு அடுத்த குடிசையில்தான் தங்குவாள். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் மகளிடம், உங்கப்பா என்ன, மீன்பிடி இலாகாவா என்று கேட்டாள். அவள் பேசியது அவர்களுடைய தெலுங்கு. செகந்தராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு அது முழுதாகப் புரிந்தது. இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான். அப்படியிருந்தும் என் மகள், எனக்குப் புரியாதது போலப் பாவித்து, மொழிபெயர்த்துச் சொன்னாள். அப்போதுதான் இரண்டாம் முறை சிரிக்க முடியும்.

அந்தக் காலைப்பொழுது மிக நிதானமாகக் கழிந்தது என்பதை நான் மறைக்கக்கூடாது. கூம்பு போன்ற கூரை வைத்த வட்டக் குடிசைகள். ஒவ்வொரு குடிசைக்கும் ஒன்றிரண்டு நாய்கள், அவை எங்களைப் பார்த்துக் குரைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் எங்களை அழைத்துக்கொண்டு சுற்றினாள். மூங்கில் வில் ஒன்றை மச்சான் கையில் கொடுத்தார்கள். அவன் நாணை இழுத்து அம்பை விட்டான், அம்பு அவன் காலடியிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் அவனிடம் வில்லைத் தரவில்லை. காட்டில் தோண்டிவந்த கிழங்கைத் தணலில் சுட்டுக் கொடுத்தார்கள். புளியம்பழத்தைச் சாம்பல் சேர்த்துப் பிசைந்து ஓர் இலையில் வைத்தார்கள். சாம்பல் புளிப்பை அடக்கிவிடும் என்று மகள் சொன்னாள். என் மனைவி இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி யோசித்து, இன்னொரு முறை எடுத்தாள். வீட்டில் ரசத்தில் ஒரு சிட்டிகை உப்பு கூடிவிட்டால் பாத்திரம் கழுவுபவள் வரைக்கும் குறை சொல்லுகிறவள், அங்கே சாம்பலை நக்கிக்கொண்டிருந்தாள்.

நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், குடிசைக்குப் பக்கத்தில் எங்கே தேங்கியிருக்கிறது, கைப்பேசிக்கு அலை எந்தப் பாறைமேல் ஏறினால் கிடைக்கிறது என்றெல்லாம் பார்த்தேன். ஒரு பாறைமேல் ஏறினால் கிடைத்தது. அதில் ஏறி நின்று மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு இறங்கிவந்தேன். மகள் கீழே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவள் முகத்தில் எழுதியிருந்தது.

தேனெடுப்பதைப் பார்க்கிறீர்களா என்று அந்தப் பெண்தான் கேட்டாள். குன்றின் மறுபக்கத்தில் பாறை செங்குத்தாகத் தண்ணீரை நோக்கி இறங்குகிறது. அந்தப் பாறையின் வயிற்றில் பெரிய தேனடைகள் தொங்குமாம். அன்றைக்கு அவள் கணவன் இறங்குவதாக இருந்தது. நாங்கள் காட்டுவழியே ஏறி உச்சிக்குப் போனோம். மேலே போனதும் அவள் என் ஆரஞ்சு அங்கியைக் காட்டி, இந்த நிறம் தேனீக்குப் பிடிக்காது, கழற்றிவிடு என்றாள். தேனீயின் விருப்புவெறுப்பு பற்றி எனக்கு எதுவும் தெரியாததால் கழற்றிவிட்டேன். என் குடும்பத்தார் கை தட்டாத குறை.

பாறை விளிம்பிலிருந்து பல அடி உள்ளே ஒரு பருத்த மரம். மரப்பட்டை நாரில் திரித்த கயிற்றை அதில் கட்டி, மறுமுனையைக் கீழே விட்டிருந்தார்கள். நான் குனிந்து முடிச்சைப் பார்த்தேன். கயிற்றைக் கண்ணாலேயே ஒவ்வொரு முழமாகச் சோதித்தேன். எங்கேயாவது நைந்திருந்தால் வாயைத் திறக்கலாம் என்றிருந்தேன். நைந்திருக்கவில்லை. மரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஓர் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்து கயிற்றின்மேல் கை வைத்திருந்தான். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான் பாதுகாப்பு ஏற்பாடு.

அந்தப் பெண்ணின் கணவன் ஒல்லியான மனிதன், வெட்கப்படுபவன். எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, புகையும் தழைக்கட்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு விளிம்பைத் தாண்டி மறைந்துவிட்டான். பிறகு புகை மட்டும் மேலே வந்தது. அதோடு ஒரு ரீங்காரம், பெரிய மின்மாற்றிக்குப் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அதுபோல.

எனக்கு அந்த மனிதனைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. எப்படி இருக்கிறான் என்று கூப்பிட்டுக் கேட்கவும் கூடாது, சத்தம் போட்டால் தேனீ கலையும் என்று சொல்லியிருந்தார்கள். தெரிந்ததெல்லாம் விளிம்பில் உராய்ந்துகொண்டிருந்த கயிறு. அந்த நேரம் பார்த்துப் புகை எங்கள் பக்கம் திரும்பியது. உட்கார்ந்திருந்தவனுக்கு இருமல் வந்தது. நன்றாகவே இருமினான், தோள் குலுங்கியது. கயிற்றின்மேல் இருந்த கை எடுபட்டு வாய்க்குப் போனது. கயிறு வெடுக்கென்று ஒரு பக்கம் நகர்ந்தது.

நான் பாய்ந்துபோய்க் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

யோசித்துச் செய்த காரியமில்லை. தொழிற்சாலையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதுதான்: உயரத்தில் ஆள் இருக்கும்போது பிடிக்கிறவன் கை எடுபட்டால் பக்கத்தில் இருப்பவன் பிடிக்கவேண்டும். எந்தத் தொழிற்சாலையிலும் அதற்குப் பாராட்டுத்தான் கிடைக்கும். இங்கே, அதுவரை எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். இருமியவன் இருமலை விழுங்கிக்கொண்டு என் கைகளைப் பார்த்தான். பிறகு கயிற்றை ஒரு மாதிரி மூன்று முறை சுண்டினான். அது மேலே வா என்பதற்கான அடையாளமாம். சிறிது நேரத்தில் அவள் கணவன் விளிம்பில் தலைகாட்டினான். தேன் இல்லாமல், புகையும் தழைக்கட்டோடு, கேள்வி முகத்தோடு.

அந்தப் பெண் என் எதிரில் வந்து நின்று கேட்டாள். "நீ அவனுக்கு என்ன வேணும்?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. ஒரு கைக்கு இரண்டு கையாக இருக்கட்டும் என்று பிடித்தேன் என்றேன். அவள் கைகளைப் பற்றிக் கேட்கவில்லை. உறவைக் கேட்டாள்.

மகள்தான் விளக்கினாள், இந்த முறை சிரிக்காமல். தேனுக்கு இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்கவேண்டும். மச்சினன். வேறு யாரும் தொடக்கூடாது, கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள்கூட. இருமியவன் அந்தப் பெண்ணின் தம்பி. அந்தப் பெண்ணே மீதியைச் சொன்னாள். கூடப்பிறந்தவனுக்குக் கூடப்பிறந்தவன்மேல் ஆயிரம் கோபம் இருக்கும், பங்கு இருக்கும், பழசு இருக்கும். என் தம்பிக்கு என் புருஷன்மேல் கோபம் இருந்தாலும் கயிற்றை விடமாட்டான். விட்டால் தாலியறுத்து நிற்பது அவன் அக்கா.

அவள் முடித்ததும் மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"மாமா, கேட்டீங்களா? இனிமே என்கிட்ட கொஞ்சம் மரியாதையா இருங்க. உங்க கயிறு என் கையில."

இதைச் சொன்ன அதே ஆள்தான், நான் மாடித் தண்ணீர்த்தொட்டியைக் கழுவ ஏறியபோது ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்தவன். அதை நினைவுபடுத்தினேன். என் மனைவி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இவன் கையில இவர் கயிறா?" என்றாள் தன் மகளிடம். "அப்ப நான் இப்பவே ஒரு வேலை தேடிக்கிறதுதான் நல்லது."

அந்தப் பெண்ணுக்கு இது மொழிபெயர்க்கப்பட்டதும் சிரித்துவிட்டாள். அவள் கணவனும் சிரித்தான். எனக்குப் போன உயிர் பாதி வந்தது. மீதிப் பாதி வரவில்லை, ஏனென்றால் விஷயம் முடியவில்லை. வேற்று ஆள் கை பட்ட கயிற்றில் அவன் மறுபடி இறங்கமாட்டான். அன்றைய தேன் போனதுதான். ஒரு வாரமாகப் பார்த்து வைத்த அடை. நான் என்னென்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்காவும் தம்பியும் தள்ளிப்போய் ஏதோ பேசிக்கொண்டார்கள். திரும்பிவந்தபோது அவள் கையில் ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது.

"குடி அண்ணா" என்றாள்.

குடித்தேன். சடங்கு, மந்திரம் எதுவும் இல்லை. வேற்று ஆளாக இருந்தால்தானே தப்பு? இப்போது நான் அவளுக்கு அண்ணன். அப்படியென்றால் அவள் கணவனுக்கு மச்சினன். கயிற்றில் பட்டது மச்சினன் கைதான். கொஞ்சம் முன்கூட்டியே பட்டுவிட்டது, அவ்வளவே. எங்கள் தணிக்கைப் பிரிவில் இப்படி ஒரு மூளை இருந்திருந்தால் பல கோப்புகள் சீக்கிரம் மூடப்பட்டிருக்கும்.

அண்ணனாகிவிட்ட பிறகு சும்மா நிற்க முடியாதே. அவள் தம்பிக்குப் பின்னால், மரத்தருகே என்னை உட்காரவைத்து, கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். அவள் கணவன் மறுபடி விளிம்பைத் தாண்டினான்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கயிறு உள்ளங்கையில் துடித்தது. அவன் ஒரு காலை மாற்றி ஊன்றினால் எனக்குத் தெரிந்தது. அவன் முதுகைச் சொறிந்துகொண்டால்கூடத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒருமுறை கயிறு தொய்ந்தது. நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். முன்னால் இருந்த தம்பி மென்றுகொண்டே இருந்தான். கீழே இறங்கியவன் பாறையில் ஏதோ இடுக்கில் கால் வைத்து நின்றிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. எனக்குக் கண்ணாடிக் கதவு நினைவுக்கு வந்தது. அங்கே என் கையில் எதுவும் இருக்கவில்லை. ஒரு காகிதக் கோப்பை இருந்தது, காலியானது, அதைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இங்கே ஒரு மனிதனின் எடை இருந்தது. இது மேலா அது மேலா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டிலும் பயம் ஒன்றுதான். ஆனால் இங்கே என் பயத்துக்கு ஒரு வேலை இருந்தது.

தேனடை மேலே வந்தது. அவன் வந்தான், முழங்கையில் கொட்டு வாங்கியிருந்தான், அதே வெட்கச் சிரிப்பு. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், நார் அறுத்துச் சிவந்திருந்தது. பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

கீழே இறங்கி, குடிசை நிழலில் சோளக்களியும் தேனும் சாப்பிட்டோம். அப்போதுதான் என் புதுத் தங்கை, இலையில் இன்னும் ஒரு துண்டு அடையை வைத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள், பெண் எப்போது வருகிறாள் என்று.

இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

"யார் முடிவு செய்யணும்?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. அண்ணன் மகள் அத்தை வீட்டுக்கு வருவதற்கு அண்ணனிடம் எதற்குக் கேட்கவேண்டும், எந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் என்று கேட்டாள். தெலுங்கிலும் தமிழிலும் இந்த உறவுக் கணக்கு ஒன்றேதான். தங்கை என்றால் என் மகளுக்கு அத்தை. மருமகளை வீட்டில் வைத்துக்கொள்ள அத்தைக்கு இருக்கும் உரிமையைப் பற்றி என் சொந்தங்களிலேயே பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. நான் மறுப்பதானால் ஒரே வழிதான் இருந்தது: நான் உன் அண்ணனே இல்லை என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால், சற்றுமுன் அவள் கணவனின் கயிற்றைப் பிடித்தது யாரோ ஒரு வழிப்போக்கன் என்றாகும். அவன் எதிரில் உட்கார்ந்து களி உருட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

என் மனைவிக்கு இது எனக்கு முன்பே புரிந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மச்சான் வெளிப்படையாகவே சிரித்தான். மகள் மட்டும் சிரிக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் நானும் விளையாட்டை விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணிடம் டெங்குவைப் பற்றிச் சொன்னேன். வெளியாளிடம் அதைச் சொன்னது அதுவே முதல்முறை. எவ்வளவு சொன்னேன் என்று நினைவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். இங்கேயும் காய்ச்சல் வரும், வராது என்று சொல்லமாட்டேன் என்றாள். போன வருடம் தன் சின்னவனுக்கு வந்து, விடியும்முன் தம்பி படகில் ஏற்றிக் கொண்டுபோனான் என்றாள். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பையன்களில் எவன் என்று காட்டினாள். எல்லோரும் ஒரே மாதிரிதான் ஓடினார்கள்.

"இவளுக்கு உடம்பு சுட்டா அப்பவே படகுல ஏத்திடுவேன். கரை சேர்ந்த பிறகுதான் உனக்குப் போன். முன்னாடியே சொன்னா நீ ஓடிவந்து எதையாவது பிடிச்சுக்குவே அண்ணா."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

மாலையில் படகு கிளம்பியது. தங்கையும் அவள் கணவனும் கரையில் நின்றார்கள், நாய்கள் தண்ணீர் வரைக்கும் வந்து திரும்பின. மனைவியும் மச்சானும் முன்பக்கம் உட்கார்ந்து, சாம்பல் போட்ட புளியை ஊறுகாயாகப் போட முடியுமா என்று தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஸோ?" என்றாள்.

மனதில் நான் எத்தனையோ நிபந்தனைகள் தயாரித்து வைத்திருந்தேன். கொசுவலை, மருந்து, தினமும் பாறைமேல் ஏறிப் பேசுவது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"முதல் தடவையா அத்தை வீட்டுக்குத் தங்கப் போறே. வெறுங்கையோட போகக்கூடாது. புடவை எடுக்கணும். அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டியா?"

அவள் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், நான் மறுபக்கம் பார்த்தேன். மோட்டார் சத்தத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்காது என்று நினைத்துவிட்டாள் போல. முன்னாலிருந்து என் மனைவி திரும்பாமலே, புடவை எடுப்பதானால் நீங்கள் கூட வரவேண்டாம், போன தடவை நீங்கள் எடுத்ததை இன்னும் யாரும் கட்டவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா என்று மச்சான் கேட்டான். திறந்திருக்கும் என்று மகள் சொன்னாள், தமிழில்.